ஆளில்லாத நேரத்தில் எழும் தரவுத்தளம்

மின்சாரம் பிறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும் கரண்டுக்காகக் காத்துக் கிடந்தவர்கள் கம்மாபுரம் பக்கத்து மக்கள். விருத்தாசலத்துக்கும் நெய்வேலிச் சுரங்கங்களுக்கும் நடுவில் இருக்கிறது இந்த ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். நெய்வேலி நிறுவனம் 1956-ல் தொடங்கப்பட்டது. 1962-லிருந்து பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் தருகிறது. அந்தப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே இந்தப் பக்கத்துக் கிராமங்கள் 2012-ன் நீண்ட மின்வெட்டுகளைக் கடந்தன. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2011 டிசம்பர் 30 காலையில், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயல் மாவட்டம் முழுக்க மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. பல ஊர்களுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. இன்று நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் கோடை இடிமழையில் லைன் போவதும், ஐந்து நிமிஷத்தில் வருவதும், வந்த வேகத்தில் மறுபடி போவதும் இங்கே யாருக்கும் செய்தி அல்ல.

விருத்தாசலம் என்றால் பீங்கான். பொம்மைகள், அகல் விளக்குகள், ஃபியூஸ் கேரியர்கள் என்று சின்னச் சின்னப் பட்டறைகளில் உருவாகி ஊர் ஊராகப் போகும் சரக்கு. இப்படி வைத்துக்கொள்வோம்: ஐந்து பட்டறைக்காரர்கள் சேர்ந்து கம்மாபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஒரே ஒரு லினக்ஸ் சர்வர் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு இணையதளம், ஆனால் சர்வர் ஒன்று, தரவுத்தளமும் ஒன்று. செலவு பங்கு போட்டுக்கொள்ளலாமே என்று ஒரு பள்ளியின் கட்டணக் கணக்கும், ஓர் உரக்கடையின் இருப்பும் அதே சர்வரில் ஏறிவிட்டன. கார்த்திகை தீபத்துக்கு முந்தைய மாதம். இரவு இரண்டரை மணிக்கு வெளியூர் வியாபாரி ஒருவர் 500 அகல் விளக்குக்கு ஆர்டர் கொடுத்து பொத்தானை அழுத்துகிறார். அந்த நொடியில் கரண்ட் போகிறது. பேட்டரி செத்துப்போன யூ.பி.எஸ். நாலு முறை கீச்சிட்டு ஓய்கிறது. மூன்றேகாலுக்குக் கரண்ட் வரும்போது கடையில் ஆள் இல்லை.

பாதியில் நின்ற அந்த ஆர்டர் என்ன ஆயிற்று? தூங்கிப்போன தரவுத்தளத்தை எழுப்புவது யார்?

முதல் கேள்வியில்தான் விஷயம் ஆழம். ஓர் ஆர்டர் என்பது தரவுத்தளத்துக்கு ஒரு வேலை அல்ல, பல வேலைகள். இருப்பில் 500-ஐக் கழிக்க வேண்டும், ஆர்டர் பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும், பணம் வந்ததைக் குறிக்க வேண்டும். மூன்றும் நடக்க வேண்டும், இல்லையேல் மூன்றும் நடக்காமலேயே இருந்திருக்க வேண்டும். இருப்பு குறைந்து ஆர்டர் பதிவாகாமல் போனால், விளக்குகள் பட்டறையில் இருந்துகொண்டே கணக்கில் காணாமல் போகும். இந்த ‘எல்லாம் அல்லது எதுவுமில்லை’ கட்டைத்தான் துறைக்காரர்கள் டிரான்ஸாக்‌ஷன் என்கிறார்கள்.

பழைய மளிகை மண்டிகளில் சிட்டை என்றும் பேரேடு என்றும் இரண்டு இருந்தன. வியாபாரம் நடக்க நடக்க, நடந்த வரிசையில் சிட்டையில் ஒரு வரி விழும். சாவகாசமாகப் பிறகு உட்கார்ந்து, அவரவர் பக்கத்தைத் தேடிப் பேரேட்டில் ஏற்றுவார்கள். தரவுத்தளமும் இதையேதான் செய்கிறது. பேரேட்டின் பக்கங்கள் வட்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு ஆர்டருக்கும் அத்தனை இடத்துக்கும் ஓடி எழுதினால் கடை படுத்துவிடும். அதனால் பக்கங்களை நினைவகத்தில் வைத்தே திருத்துகிறது, வட்டுக்கு மெதுவாகத்தான் அனுப்புகிறது. ஆனால் என்ன மாற்றம் செய்தேன் என்ற ஒற்றை வரியை மட்டும் சிட்டையின் கடைசியில் சேர்த்து, அது வட்டில் இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகே ‘உங்கள் ஆர்டர் ஏற்கப்பட்டது’ என்று சொல்கிறது. சிட்டையில் ஏறாத எதுவும் பேரேட்டின் வட்டுப் பிரதியில் ஏறக்கூடாது. இதில் தரவுத்தளம் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கரண்ட் போனால் நினைவகத்தில் இருந்த பக்கங்கள் போச்சு. மிஞ்சுவது வட்டில் இருக்கும் பழைய பேரேடும், ஏறக்குறைய அந்த நொடி வரை எழுதப்பட்ட சிட்டையும். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு உண்மையான கணக்கை மீட்டெடுப்பது எப்படி? இதற்கு உலகம் இன்றுவரை பாடம் படிக்கும் விடையை எழுதியவர்களில் முதன்மையானவர் தமிழ்நாட்டில் பிறந்தவர். சி. மோகன், சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-ல் வேதிப்பொறியியல் முடித்தவர். கணினி அறிவியல் அல்ல, வேதிப்பொறியியல்! ஆனால் அந்த வளாகத்தில் அப்போது ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கணினி இருந்தது. ஆர்வம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1981-ல் முனைவர் பட்டம் முடித்து, கலிபோர்னியாவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அவரும் டான் ஹாடர்லே, புரூஸ் லிண்ட்சே, ஹமீத் பிராஹேஷ், பீட்டர் ஷ்வார்ஸ் ஆகிய நால்வரும் சேர்ந்து 1992 மார்ச்சில் வெளியிட்ட, ஏரீஸ் என்ற மீட்பு முறையை விளக்கும் கட்டுரை எழுபது பக்கத்துக்கு நெருங்கியது. ஐ.பி.எம்.-மின் டிபி2, மைக்ரோசாஃப்டின் எஸ்.கியூ.எல். சர்வர் இரண்டும் விழுந்து எழுவது அந்த வழியில்தான்.

ஏரீஸ் மூன்று கட்டமாக வேலை செய்கிறது. முதலில் சிட்டையைப் படித்து, விழுந்த நொடியில் என்னென்ன வேலைகள் நடந்துகொண்டிருந்தன, எந்தெந்தப் பக்கங்கள் வட்டில் இறங்காமல் இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்கிறது. அடுத்து, நடந்தது அத்தனையையும் மறுபடி நடத்துகிறது. முடிந்த ஆர்டர், முடியாத ஆர்டர் என்ற பேதமே பார்ப்பதில்லை. பேரேட்டை விழுந்த கணத்தின் நிலைக்கே கொண்டுபோகிறது. படிப்பவர்களுக்கு முதலில் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எப்படியும் ரத்து செய்யப்போவதை ஏன் மறுபடி எழுத வேண்டும்? காரணம் இருக்கிறது. அதற்குமுன் வந்த முறைகள் புத்திசாலித்தனமாக ‘வேண்டியதை மட்டும்’ மறுபடி செய்யப் பார்த்து, ஒரே பக்கத்தில் பல பேருடைய திருத்தங்கள் கலந்திருக்கும்போது சிக்கிக்கொண்டன. வரலாற்றை அப்படியே திரும்ப நடத்திவிட்டால், சாதாரண நாளில் ஓர் ஆர்டரை ரத்து செய்வது எப்படியோ அதே வழியில், முடியாத வேலைகளைப் பின்னோக்கிப் போய் ரத்து செய்துவிடலாம். அதுதான் மூன்றாவது கட்டம்.

சரி, இந்த மீட்பு நடந்துகொண்டிருக்கும்போதே மறுபடி கரண்ட் போனால்? கம்மாபுரத்தில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. ஏரீஸின் உண்மையான அழகு இங்கேதான் இருக்கிறது. பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும், சிட்டையின் எத்தனையாவது வரி வரைக்கும் இதில் ஏறியிருக்கிறது என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்தாலே போதும், ஏறிய வரியை இரண்டாம் முறை ஏற்றும் பேச்சே இல்லை. ரத்து செய்யும்போதோ, ‘இந்த வரியை ரத்து செய்துவிட்டேன், இனி பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய வரி’ என்று சிட்டையிலேயே ஒரு வரி எழுதிவைக்கிறது. அதனால் ரத்தை ரத்து செய்யும் குழப்பம் வராது. பத்து முறை விழுந்தாலும், விட்ட இடம் தெரியும். அந்த வெளியூர் வியாபாரியின் ஆர்டர், ‘ஏற்கப்பட்டது’ என்ற பதில் அவர் திரையில் வந்திருந்தால் காலையில் கணக்கில் இருக்கும். கடைசி வரி சிட்டையில் விழாமலே கரண்ட் போயிருந்தால் ஒரு விளக்குகூடக் குறைந்திருக்காது.

சின்ன இணையதளங்களில் பெரும்பாலும் இருப்பது மைஎஸ்கியூஎல், அல்லது அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் பின்னால் தொடங்கிய மரியாடிபி. இரண்டு மகள்களின் பெயரையும் இரண்டு மென்பொருளுக்கு வைத்த மனிதர் அவர். மைஎஸ்கியூஎல்லின் பழைய சேமிப்பு முறையான மைஐசாமில் சிட்டையே கிடையாது. கரண்ட் போனால் அட்டவணை உடையும். யாராவது உட்கார்ந்து ‘ரிப்பேர்’ கட்டளை கொடுக்க வேண்டும். 2010 டிசம்பரில் வந்த 5.5 பதிப்பிலிருந்துதான் இன்னோடிபி இயல்பான முறை ஆனது. இன்னோடிபி அப்படியே ஏரீஸ் அல்ல. ஆனால் சிட்டை முதலில், மீட்கும்போது மறுபடி நடத்து, பிறகு ரத்து செய் என்ற அடிப்படை அதேதான். கூடுதலாக இன்னொரு எச்சரிக்கையும் அதில் உண்டு: அதன் பக்கம் 16 கிலோபைட், எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் பக்கத்தின் மேல் பாதி புதிது, கீழ் பாதி பழசு என்று கிழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் வேறோர் இடத்தில் முழுசாக எழுதிவிட்டுத்தான் சொந்த இடத்தில் எழுதுகிறது. பழைய மைஐசாம் அட்டவணைகளோடு ஓடும் தளங்கள் இன்னும் உண்டு. உங்களுடையது அப்படியென்றால் மாற்றுங்கள். இந்த ஊரின் மின்சாரத்துக்கு அது லாயக்கில்லை.

இன்னொரு பொறியும் இருக்கிறது. வேகம் வேண்டுமென்று, ஒவ்வொரு ஆர்டருக்கும் சிட்டையை வட்டில் இறக்காமல் நொடிக்கு ஒருமுறை இறக்கும்படி அமைப்பை மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் வேகம் வரும், உண்மைதான். ஆனால் கரண்ட் போனால் கடைசி ஒரு நொடியில் ‘ஏற்கப்பட்டது’ என்று சொன்னவை காணாமல் போகலாம். நல்ல யூ.பி.எஸ்.-ஸும் சர்வரை ஒழுங்காக அணைக்கும் ஏற்பாடும் இருக்கும் இடத்தில் துணியலாம். நம் கதையின் யூ.பி.எஸ். எப்படிப்பட்டது என்று முன்பே பார்த்தோம்.

இனி, எழுப்புவது யார்? கம்ப்யூட்டர் எழுந்ததும் லினக்ஸ் கருவகம் முதலில் ஒரே ஒரு நிரலைத்தான் இயக்கும். மற்ற எல்லாவற்றையும் எழுப்புவது அந்த முதல் நிரலின் பொறுப்பு. பழைய காலத்தில் அது ஒரு கோப்புறையைத் திறந்து, அதிலுள்ள சிறு நிரல்களை எண் வரிசைப்படி ஓட்டியது. ரெட்ஹாட் வகை சர்வர்களில் மைஎஸ்கியூஎல்லுக்கு எண் 64, அப்பாச்சி வலை சர்வருக்கு 85. சின்ன எண் முதலில். எனவே கணக்கு எழுந்த பிறகே கடை திறக்கும். எளிய ஏற்பாடு. ஆனால் எழுப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் அதற்கு இல்லை. நடு மத்தியானம் தரவுத்தளம் செத்து விழுந்தால், அந்தக் கோப்புறைக்குத் தெரியாது.

2010-ல் லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் அந்த முதல் நிரலின் இடத்துக்கு சிஸ்டம்டியை அறிமுகப்படுத்தினார்கள். லினக்ஸ் உலகத்தில் அதைப் பற்றி நடந்த சண்டைகள் தனி அத்தியாயம் கேட்கும். ஆனால் 2014-ல் ரெட்ஹாட்டும் 2015-ல் டெபியனும் அதற்கு மாறிவிட்டதால், நம் சர்வரில் இருப்பது அனேகமாக அதுதான். சிஸ்டம்டியில் ‘ஸ்டார்ட்’ என்ற கட்டளையும் ‘எனேபிள்’ என்ற கட்டளையும் வேறு வேறு. முதலாவது இப்போதே ஓட்டும். அடுத்த முறை கம்ப்யூட்டர் எழும்போது என்ன செய்வது என்பது பற்றி அதற்கு அக்கறை இல்லை. இரண்டாவது, அடுத்த முறை எழும்போது ஓட்ட வேண்டியவர்கள் பட்டியலில் சேர்க்கும், இப்போது ஓட்டாது. நிறுவிய அன்று ஸ்டார்ட் கொடுத்து, தளம் திறக்கிறது என்று மகிழ்ந்து, எனேபிள் கொடுக்க மறந்தவர்களின் சர்வர் மாதக்கணக்கில் குறையில்லாமல் ஓடும். ஒருநாள் கரண்ட் போய் வந்த பிறகுதான் ‘தரவுத்தளத்துடன் தொடர்பு ஏற்படுத்த முடியவில்லை’ என்ற வரி வெள்ளைத் திரையில் தோன்றும். இந்தத் தொழிலில் ஆகப் பரவலான தவறு இது என்பேன்.

எனேபிள் கொடுத்தவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. ஓடத் தொடங்குவது வேறு, தயாராவது வேறு. மரியாடிபி மீட்பு வேலையை முடித்த பிறகே ‘நான் தயார்’ என்று சிஸ்டம்டிக்குச் சேதி அனுப்பும். சிஸ்டம்டியின் இயல்பான பொறுமை 90 விநாடி. பெரிய சிட்டையும் மெதுவான பழைய வட்டும் சேர்ந்தால் மீட்புக்கு அதைவிட நேரமாகலாம். பொறுமை தீர்ந்த சிஸ்டம்டி, பாதி மீட்பில் இருக்கும் தரவுத்தளத்தைக் கொன்றுவிடும்; அமைப்பைப் பொறுத்து மறுபடி எழுப்பவும் செய்யும். அது மறுபடி மீட்கத் தொடங்கும். கணக்கு கெடாது, ஆனால் கடையும் திறக்காது. விடிய விடிய இதே கூத்து நடக்கலாம். மரியாடிபிக்காரர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டு, ‘இன்னும் வேலை நடக்கிறது, கூடுதல் நேரம் கொடு’ என்று சிஸ்டம்டியிடம் கேட்கும் வசதியைப் பின்னால் சேர்த்தார்கள். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அந்த 90 விநாடியைத் தாங்களே கூட்டிவைக்க வேண்டும்.

ஆக, மூன்றேகாலுக்குக் கரண்ட் வந்தது. ஒரு மனிதக் கை படாமல் தரவுத்தளம் எழுந்து, கணக்கைச் சரிசெய்து, கடையைத் திறந்துவிட்டது. ஆனால் தானே எழும் தரவுத்தளம், எந்தப் பாதுகாப்போடு நிறுவப்பட்டதோ அதே பாதுகாப்போடுதான் எழும். கடவுச்சொல் இல்லாமல் நிறுவியிருந்தால், ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் இல்லாமல், யாரும் பார்க்காத நேரத்தில், உலகத்துக்குத் திறந்தபடி எழும். தானாக எழும் வசதிதான் இந்த ஆபத்தை நிரந்தரமாக்குகிறது. பலர் இதை இரண்டு தனித்தனி வேலையாக நினைத்து, முதலில் ஓடட்டும், பாதுகாப்பைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. ஓடுகிற சர்வரை யார் போய்க் கிளறுவார்கள்?

2003 ஜனவரி 25 இதற்குச் சாட்சி. ஸ்லாமர் என்ற புழு 376 பைட்தான். இந்தப் பத்தியைவிடச் சிறியது. மைக்ரோசாஃப்டின் எஸ்.கியூ.எல். சர்வரில் இருந்த ஓர் ஓட்டை வழியாக நுழைந்து, தொடக்கத்தில் எட்டரை நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, பத்து நிமிஷத்துக்குள் பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் பத்தில் ஒன்பதைப் பிடித்துவிட்டது. குறைந்தது 75,000 கணினிகள். தென் கொரியாவில் இணையம் முடங்கியது. அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கியின் ஏ.டி.எம்.கள் பணம் தரவில்லை. ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஆறு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. பலர் ஏன் போடவில்லை? தங்களிடம் ஒரு தரவுத்தளம் ஓடுகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதன் சின்ன வடிவம் வேறு மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு நிறுவப்பட்டு, ஒவ்வொரு நாளும் கம்ப்யூட்டரோடு தானே எழுந்துகொண்டிருந்தது. ஸ்லாமர் நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்த புழு. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் செத்துவிடும். அணைத்துப் போட்டார்கள். தரவுத்தளம் விசுவாசமாகத் தானே எழுந்தது, சில நிமிஷங்களில் புழுவும் மறுபடி வந்துவிட்டது.

2005 ஜனவரியில் மைஎஸ்கியூஎல்லின் முறை. விண்டோஸில் ஓடிய, எளிய கடவுச்சொல் கொண்ட தரவுத்தளங்களில், எல்லா அதிகாரமும் உடைய ‘ரூட்’ கணக்கின் வழியாக ஒரு புழு நுழைந்து ஆயிரக்கணக்கான கணினிகளைப் பிடித்தது. ஓட்டை எதுவும் தேவைப்படவில்லை. கடவுச்சொல்லை ஊகித்தே உள்ளே போயிற்று. 2017 பிப்ரவரியில் அதே வழியில் நுழைந்தவர்கள் அட்டவணைகளை அழித்துவிட்டு, 0.2 பிட்காயின் கேட்டு ஒரு வரியை விட்டுச் சென்றார்கள். பணம் கொடுத்தாலும் திருப்பித் தர அவர்களிடம் பிரதி இருந்ததற்கான அடையாளமே இல்லை. இவ்வளவுக்குப் பிறகும், 2022 மே மாதம் ஷேடோசர்வர் அறக்கட்டளை இணையம் முழுக்கத் தட்டிப் பார்த்தபோது, 3306 என்ற மைஎஸ்கியூஎல் போர்ட்டில் பதில் சொன்ன சர்வர்கள் சுமார் 36 லட்சம்.

கல்லூரிகளில் எல்லோரும் பயன்படுத்தும் எக்ஸாம்ப் தொகுப்பு ரூட்டுக்குக் கடவுச்சொல் இல்லாமல்தான் வருகிறது. சொந்த மடிக்கணினியில் பயில்வதற்காகச் செய்தது அது. செய்தவர்களே இணையத்தில் வைக்காதீர்கள் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் படிக்கும்போது பழகிய கை, வேலையிலும் அதையேதான் நிறுவுகிறது. பழைய மைஎஸ்கியூஎல்லில் பெயரே இல்லாத கணக்குகளும், யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ‘டெஸ்ட்’ தரவுத்தளமும் இலவச இணைப்பாக வந்தன. இவற்றை நீக்கி, ரூட்டுக்குக் கடவுச்சொல் வைத்து, ரூட்டை வெளியிலிருந்து நுழைய விடாமல் செய்ய ஒரே ஒரு துணை நிரல் கூடவே இருந்தது. ஓட்ட ஐந்து நிமிஷம் ஆகாது. 2015-ல் 5.7 பதிப்பில்தான் இந்த இணைப்புகளை நிறுத்தினார்கள்.

வலை சர்வரும் தரவுத்தளமும் ஒரே பெட்டியில் இருக்கும் நம் கம்மாபுரம் சர்வருக்கு, 3306-ஐ உலகத்துக்குக் காட்ட ஒரு காரணமும் இல்லை. 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் கேள் என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி. அந்த ஒரு வரி இருந்தால் 36 லட்சத்தில் நீங்கள் இல்லை.

வெளியாள் கதை அதோடு முடிந்தது. பகிர்ந்த சர்வரில் உள்ளாள் கதை வேறு. ஐந்து பட்டறை, ஒரு பள்ளி, ஒரு உரக்கடை. ஏழு தளங்களும் ரூட் கணக்கையே பயன்படுத்தினால், உரக்கடையின் தேடல் பெட்டியில் இருக்கும் ஓர் ஓட்டை பள்ளிப் பிள்ளைகளின் பெயர், முகவரி வரைக்கும் போகும். தேடல் பெட்டியில் தேடுசொல்லுக்குப் பதிலாகத் தரவுத்தளக் கட்டளையையே தட்டி ஏமாற்றும் வித்தை 1998-லேயே எழுத்தில் வந்துவிட்டது, இன்னும் சாகவில்லை. ஆளுக்கொரு தரவுத்தளம், ஆளுக்கொரு கணக்கு, அந்தக் கணக்குக்கு அந்தத் தரவுத்தளத்தில் மட்டும் உரிமை, அதுவும் படிக்க, சேர்க்க, திருத்த, நீக்க என்ற அளவில். அப்படிச் செய்தால் உரக்கடைக் கணக்குக்கு மற்ற ஆறு பேர் அங்கே இருப்பதே கண்ணில் படாது. பட்டியல் கேட்டால் தன்னுடையதை மட்டும்தான் காட்டும்.

ஆனால் கணக்கைப் பிரித்துவிட்டுக் கோப்பைப் பிரிக்காமல் விட்டால் பயனில்லை. ஒவ்வொரு தளமும் தன் தரவுத்தளக் கடவுச்சொல்லை ஓர் அமைப்புக் கோப்பில் எழுதிவைத்திருக்கும். ஏழு தளங்களின் பிஎச்பி நிரல்களும் ஒரே லினக்ஸ் பயனராக ஓடினால், உரக்கடை நிரல் பள்ளியின் கோப்பைத் திறந்து படிக்கலாம்; லினக்ஸின் பார்வையில் இருவரும் ஒருவரே. ஆகவே ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிப் பயனராக ஓடவிட்டு, கோப்பை உரிமையாளர் தவிர யாரும் படிக்காதபடி பூட்ட வேண்டும். கட்டளை வரியிலேயே கடவுச்சொல்லைத் தட்டும் பழக்கமும் இதே ரகம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலை அதே சர்வரில் உள்ள மற்றவர்களும் எடுத்துப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எழுப்புவதும் காப்பதும் நேருக்கு நேர் மோதுவது இங்கேதான். ஆளில்லாத நேரத்தில் எழ வேண்டும்; ஆனால் கடவுச்சொல் கேட்டால் யார் தட்டுவது? சிலர் தொடக்க நிரலிலேயே ரூட் கடவுச்சொல்லை எழுதிவைக்கிறார்கள். அந்த நிரல் வழக்கமாக எல்லோரும் படிக்கக்கூடிய கோப்பு. இது முழுக்க வீண் ஆபத்து, ஏனென்றால் தரவுத்தளத்தை எழுப்பக் கடவுச்சொல்லே தேவையில்லை. எழுப்புவது லினக்ஸின் உரிமை, கணக்குக்குள் நுழைவது தரவுத்தளத்தின் உரிமை. நிறுத்துவதற்கும் தேவையில்லை, ‘முடித்துக்கொள்’ என்ற சமிக்ஞையை சிஸ்டம்டி அனுப்பினால், பக்கங்களை ஒழுங்காக வட்டில் இறக்கிவிட்டுத் தரவுத்தளம் தானே ஓய்ந்துவிடும்.

பராமரிப்புக்கு ரூட்டாக உள்ளே போகவும் இப்போது கடவுச்சொல் இல்லாத நல்ல வழி இருக்கிறது. ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு நிரல்கள் சாக்கெட் என்ற கோப்பு வழியாகப் பேசும்போது, எதிர்முனையில் இருப்பவர் எந்த லினக்ஸ் பயனர் என்று கருவகத்திடமே கேட்டுவிடலாம். கருவகத்தை ஏமாற்றிப் பெயர் சொல்ல முடியாது. 2019-ல் வந்த மரியாடிபி 10.4 முதல் ரூட் கணக்குக்கு இதுதான் இயல்பான வழி. எழுதிவைக்கக் கடவுச்சொல் இல்லையென்றால் திருடுபோகவும் எதுவும் இல்லை. இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இதுவே.

இரவுதோறும் எடுக்கும் காப்புப் பிரதியைப் பற்றி ஒன்று மட்டும். அதே வட்டில் வைக்கும் பிரதி, பிரதி அல்ல; உள்ளே நுழைபவர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடலாம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவைத் தாக்குதல்காரர்கள் பூட்டிப்போட்டார்கள். இரண்டு வாரம் போல நோயாளிச் சீட்டை நாட்டின் முதன்மையான மருத்துவமனை கையால் எழுதியது. வலையமைப்பைச் சரியாகப் பிரித்து வைக்காததுதான் காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. அவ்வளவு பெரிய இடத்தில் நடந்ததும், ஏழு பேருக்கு ஒரே ரூட் கணக்கு கொடுத்த நம் கடையில் நடக்கக்கூடியதும் ஒரே ஜாதித் தவறு. சின்னக் கடைதானே, நம்மை யார் கேட்பார்கள் என்பதும் இனி செல்லாது. 2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு வைக்கத் தவறியதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

சர்வர் வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். காப்புப் பிரதியை எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு, வியாபாரம் குறைவான ஒரு பகல் நேரத்தில் நீங்களே சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன்பின் அதைத் தொடாதீர்கள். உள்ளே நுழையாதீர்கள், ஒரு கட்டளையும் கொடுக்காதீர்கள். பத்து நிமிஷம் கழித்து உங்கள் செல்போனில், கடை வைஃபையை அணைத்துவிட்டு, தளம் திறக்கிறதா என்று பாருங்கள். அதே செல்போன் இணைப்பிலிருந்து 3306 பதில் சொல்கிறதா என்றும் பாருங்கள். தளம் திறக்க வேண்டும், 3306 பதில் சொல்லக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும், சரிசெய்யும்வரை கார்த்திகை ஆர்டர்களைக் காகிதத்திலேயே எழுதுங்கள்.